மூட்டு விடாத போர்வை

(சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டுப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற தையல் நாளில், மனையியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூறு வருடத்தை எப்படிக் கொண்டாடுவது என்று சங்கம் கேட்டபோது பலர் பல யோசனை சொன்னார்கள். கடைசியில் நிலைத்தது ஓர் ஒட்டுத்துணிப் போர்வை. பத்து தசாப்தங்களுக்குப் பத்து வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு சதுரம். அந்தந்தக் காலத்து மாணவிகள் உடுத்த துணி, அவர்களுடைய அம்மாமார் உடுத்த துணி. முதல் மூன்று வரிசைக்குரியவர்கள் இன்று நம்மோடு இல்லை. அவர்களுடைய மகள்மாரும் பேத்திமாரும் பெட்டியில் வைத்திருந்த சேலையிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தந்திருக்கிறார்கள். சில துணிகள் கொழும்பிலிருந்து வந்தன, சில கனடாவிலிருந்து. ஒரு வரிசை முழுவதும் நீலகிரியிலிருந்து வந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கப்பல் ஏறிப் போன பிள்ளைகள், கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்று பாட்டிமாராக இருப்பவர்கள், தாங்களே தைத்து அனுப்பிய வரிசை அது.

அந்த வரிசையை மற்ற வரிசைகளோடு வைத்துப் பார்த்தபோது ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேலே கட்டை. மூட்டுக்கு மூட்டுச் சேரவில்லை. “அதைப் பிரித்து வெட்டித் திரும்பத் தைக்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். “அந்த வரிசையை விட்டுவிட்டு வேறு துணியில் போட்டால் என்ன?” என்று இன்னொருவர். இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, வேறு வழியும் காட்ட வேண்டும். ஆகவே மூட்டு ஏன் கெடுகிறது, கெட்டதை எப்படிச் சரி செய்வது, கெடாமல் எப்படித் தைப்பது என்ற மூன்றையும் சொல்கிறேன். வகுப்பில் ‘பொருத்து’ என்று படித்ததும் தையல்காரர் ‘மூட்டு’ என்பதும் ஒன்றுதான். வாய்க்கு எளிதான சொல்லையே சொல்கிறேன்.

நமக்கு ஒட்டுத்துணிப் போர்வை புதிதல்ல. கோட்டகலைக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். நாலாயிரம் அடிக்கு மேலே, மார்கழி தையில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறவர்களுக்குக் கம்பளி இல்லாமல் முடியாது. கம்பளி வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான். பிள்ளைகளுக்கு அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்து, ஓரத்திலும் நடுவிலும் நூலோடித் தந்ததுதான் போர்வை. கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கந்தை என்ற சொல்லுக்கு உறவான பெயரில்தான் வங்காளத்துப் பெண்கள் ‘கந்தா’ தைக்கிறார்கள். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அவர்கள் வழக்கம். கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்று ஒன்று தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். துண்டுகளை ஒன்றோடொன்று மூட்டாமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒவ்வொரு துண்டாக அடித்துணிமேல் வைத்து, விளிம்பை உள்ளே மடித்து, எல்லா அடுக்கையும் சேர்த்து நூலோடுகிறார்கள். மூலையில் சிறு முக்கோணத் துண்டுகளைப் பூவாக வைத்த பிறகுதான் அவர்களுக்குப் போர்வை முடிந்த கணக்கு.

இந்த இரண்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பாரத்தைத் தாங்குவது ஒரே ஒரு மூட்டு அல்ல. அடித்துணியும் நூறு வரி நூலோட்டமும் சேர்ந்து தாங்குகின்றன. நாம் இப்போது தைப்பது வேறு முறை. முதலில் சதுரங்களை மூட்டி மேல்துணி செய்கிறோம், பிறகுதான் நடுத்துணியையும் அடித்துணியையும் வைக்கிறோம். ஆகையால் ஒவ்வொரு மூட்டும் சரியாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மூட்டுக் கெட்டிருந்தால் உடனே மெஷினுக்குக் கொண்டு ஓடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கேடு மூன்று வகை. ஒன்று, துணி நன்றாக இருக்கிறது, நூல் அறுந்து மூட்டுப் பிரிந்திருக்கிறது. இரண்டு, நூல் நன்றாக இருக்கிறது, துணி தையலை விட்டு நழுவி விளிம்பு பிரிந்திருக்கிறது. மூன்று, நூலும் துணியும் நன்றாக இருக்கின்றன, அளவு சேரவில்லை அல்லது சுருக்கம் விழுந்திருக்கிறது. ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குப் போட்டால் கேடு கூடும். துணி நைந்த இடத்தில் அதே கோட்டில் மறுபடியும் தைத்தால், முத்திரை கிழிப்பதற்குத் துளை போட்டது போல ஆகிவிடும்.

முதல் வகை, நூல் அறுவது. பெட்டியில் பத்து வருடம் கிடந்த நூல்கட்டையைத் தூக்கிப் போட மனம் வராது. அதில் ஒரு முழம் உருவி இரண்டு கையாலும் வெட்டி இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் அறுந்தால் அது பொத்தான் தைக்கவும் உதவாது. நமது ஊரின் ஈரத்தில் பருத்தி நூலில் பூஞ்சணம் பிடித்தால் பலம் போய்விடும், பொலியெஸ்டர் நூலுக்கு அந்தப் பயம் குறைவு. தையலின் நீளம் அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கிய நாளிலிருந்து நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை அவர்களிடம் கேட்டுப் பழகுங்கள்.

அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பொபினைக் குறை சொல்வோம். பெரும்பாலும் தவறு மேல்நூலில்தான் இருக்கும். பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு மேல்நூலை முதலிலிருந்து கோருங்கள். பாதம் இறங்கியிருந்தால் இறுக்கத் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கிடையில் போய் உட்காராது. அதற்குப் பிறகும் வளையம் விழுந்தால் மேல் இறுக்கத்தைச் சிறிது கூட்டுங்கள். மேலே பொபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் இறுக்கம் அதிகம், குறையுங்கள். மேலுக்கு ஒரு நிறம், அடிக்கு ஒரு நிறம் போட்டுத் துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தால் எது என்று உடனே தெரியும். சிங்கர் கம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. அதன் கறுப்பு மெஷின்கள் நம் வீடுகளில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை ஓடுகின்றன. அவற்றுக்கு வேண்டியது எண்ணெயும் நல்ல ஊசியும்தான். சாதாரணப் பருத்திக்கு எண்பது அல்லது பன்னிரண்டு என்று குறித்த ஊசி. அடுக்குகள் கூடினால் தொண்ணூறு அல்லது பதினான்கு. முனை மழுங்கிய ஊசி ‘டக் டக்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் மாற்றுங்கள்.

நூல் அறுந்த மூட்டைச் சரி செய்வது எளிது. பிரிந்த இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னாலிருந்து தொடங்கி, பிரிந்த இடத்தைத் தாண்டி ஓர் அங்குலம் வரை பழைய கோட்டின் மேலேயே தையுங்கள். போர்வை முழுதாக முடிந்து உள்பக்கம் போக முடியாவிட்டால் கையால் ஏணித் தையல். இந்தப் பக்க மடிப்புக்குள் ஊசியை ஒரு நூலளவு ஓட்டி, எதிர்ப்பக்க மடிப்புக்குள் ஒரு நூலளவு ஓட்டி, மாறி மாறிப் போய் இழுத்தால் இரண்டும் சேர்ந்து நூல் மறைந்துவிடும்.

இரண்டாவது வகை, துணி நழுவுவது. இதுதான் நமக்கு வந்திருக்கும் பழைய சேலைகளின் பெரிய ஆபத்து. சேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. கொழுந்து பறித்த அம்மாவின் சேலையில் இடுப்பைச் சுற்றிய இடம் படங்கு உரசித் தேய்ந்திருக்கும். கீழ்க்கரை செடியில் பட்டுத் தேய்ந்திருக்கும். உள்கொசுவம் மட்டும் புதிது போல இருக்கும். சேலையை யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு பெருவிரலையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து மெதுவாக விரித்துப் பாருங்கள். இழை விலகி அப்படியே நின்றால் அந்த இடம் தனியாக மூட்டைத் தாங்காது. அதற்காக எறிய வேண்டாம். வெட்டுவதற்கு முன்னே அதன் பின்னால் மெல்லிய, துவைத்த பருத்தித் துணியொன்றை வைத்து, சுற்றிவர நூலோடி, இரண்டையும் ஒரே துணியாக நினைத்து வெட்டுங்கள். பட்டு, நைலோன், ஜோர்ஜெட் வழுக்கும் சாதி. அவற்றுக்குக் கால் அங்குல விளிம்பு போதாது, அரை அங்குலம் விடுங்கள். வெட்டும்போதே அந்தக் கூடுதலையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

ஏற்கெனவே நழுவிய மூட்டுக்கு மேலே ஒரு பட்டி வையுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் துணி வெட்டி, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, நைந்த இடம் முழுவதும் மூடும்படி வைத்து, இரு பக்கமும் நல்ல துணியில் பிடிக்குமாறு தையுங்கள். மறைக்கப் பார்க்காமல் நல்ல நிறத்தில் வையுங்கள். ஒட்டுப் போட்டதற்கு வெட்கப்பட இது பள்ளிச் சட்டை அல்ல, ஒட்டாலேயே ஆன போர்வை.

மூன்றாவது வகைதான் நீலகிரி வரிசையின் கதை. சதுரங்களை ஆறரை அங்குலத்தில் வெட்டச் சொன்னோம். எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஆறு அங்குலம் மிஞ்சும். அவர்கள் வெட்டியதில் ஒரு பிழையும் இல்லை, நான் அளந்து பார்த்தேன். மெஷின் பாதத்தின் விளிம்பையே கால் அங்குலமாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். எல்லோரும் அப்படித்தான் தைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு மெஷினின் பாதமும் ஒவ்வோர் அகலம். அவர்களுடைய பாதம் கால் அங்குலத்தைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, பழைய கணக்கில் சொன்னால் ஒரு வீசம், அதிகம். ஒரு மூட்டில் இரண்டு துணி சேருவதால் இரண்டு வீசம், அதாவது அரைக்கால் அங்குலம் குறைகிறது. பன்னிரண்டு சதுரத்துக்குப் பதினொரு மூட்டு. பதினொரு அரைக்கால் 1⅜ அங்குலம். 72½ இருக்க வேண்டிய வரிசை 71⅛ ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வீசம், பதினொரு தடவை சேர்ந்ததும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

இதைத் தடுக்க ஒரு சோதனை. இரண்டரை அங்குல அகலத்தில் மூன்று துண்டு வெட்டி ஒன்றோடொன்று தைத்து, ஸ்திரிக்கை போட்டு, நடுத்துண்டை அளவுங்கள். சரியாக இரண்டு அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரி. குறைந்தால் விளிம்பு அதிகமாகப் போகிறது. கூடினால் குறைவாகப் போகிறது. சரியான இடத்தைக் கண்டதும் ஊசியிலிருந்து அந்த அளவில், மெஷின் தட்டின்மேல் ஒட்டுப்பிளாஸ்டரை நாலைந்து அடுக்கு ஒட்டிவிடுங்கள். துணி அதில் உரசிப் போகட்டும். பாதத்தைப் பார்க்கவே வேண்டாம். இன்று இங்கே தைக்கிற ஒவ்வொரு மெஷினிலும் இந்தச் சோதனை செய்த பிறகுதான் சேலைத்துணியைத் தொட வேண்டும்.

கட்டையான வரிசையை எப்படி நீட்டுவது? துணியை இழுத்து நீட்டக் கூடாது. இழுத்த துணி முதல் துவைப்பில் பழைய இடத்துக்குத் திரும்பி, சுருங்கி நிற்கும். மூட்டைப் பிரித்து ஒரு வீசம் வெளியே தள்ளித் தைக்கலாம். விளிம்பில் வேண்டிய துணி இருக்கிறது. பிரிக்கும்போது ஒரு பக்கத்தில் மூன்று நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு போய், மறுபக்கத்து நூலை மெதுவாக இழுத்தால் துணிக்குக் காயமில்லை. புதுத் துணியென்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் அந்த வரிசையில் பதினொரு மூட்டையும் தைத்தவர்கள் எழுபதைத் தாண்டிய கைகள். பழைய சேலையில் ஊசித்துளை விழுந்த இடமும் திரும்பச் சேராது. அதை அப்படியே வைத்துக்கொண்டு போர்வையைச் சரி செய்ய வழியிருக்கிறது.

வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் ஓர் இடைப்பட்டி வைப்போம். இரண்டரை அங்குலம் வெட்டினால் இரண்டு அங்குலம் தெரியும். இடைப்பட்டி வந்துவிட்டால் மேல்வரிசை மூட்டும் கீழ்வரிசை மூட்டும் நேருக்கு நேர் வரவேண்டிய அவசியமே இல்லை. கட்டையான வரிசையின் ஓரத்தில் 1⅞ அங்குலத் துண்டு ஒன்றைச் சேர்த்தால், மூட்டுக்கு அரை அங்குலம் போக, 72½ நிறைந்துவிடும். பத்து வரிசை அறுபது அங்குலம், ஒன்பது இடைப்பட்டி பதினெட்டு அங்குலம். ஓரத் தையல் போக ஆறடி அகலம், ஆறரையடி நீளத்தில் நல்ல போர்வை. அந்த இடைப்பட்டிக்கு நம் சீருடையின் வெள்ளைத் துணியை வைப்போம் என்பது என் வேண்டுகோள். பத்து தசாப்தமும் வேறு வேறு சேலைக்குப் போனாலும், எல்லோரும் உடுத்தது அந்த வெள்ளையைத்தானே.

வெள்ளை வைப்பதென்றால் ஓர் எச்சரிக்கை. எல்லாத் துணியையும் வெட்டுமுன் துவைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், பொலியெஸ்டர் சுருங்காது. துவைக்காமல் இரண்டையும் மூட்டினால், பிறகு மூட்டு முழுவதும் சுருக்கம். சிவப்பையும் மெரூனையும் ஈர வெள்ளைத் துண்டால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஒட்டாத வரைக்கும் துவையுங்கள். அதற்கும் நிற்காத துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இடைப்பட்டியில்லாமல் வீட்டுக்கு ஒரு போர்வை தைக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு குறிப்பு. முதல் வரிசையின் மூட்டுகளை வலப்பக்கம் மடித்து ஸ்திரிக்கை போட்டால், அடுத்த வரிசையின் மூட்டுகளை இடப்பக்கம் மடியுங்கள். இரண்டும் எதிரெதிராக வந்து ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் முதலில் குண்டூசி குத்துங்கள், மற்ற இடமெல்லாம் பிறகு. ஒரு துண்டு மற்றதைவிடச் சிறிது நீளமென்றால் நீளமானதை அடியில் வையுங்கள். மெஷினின் பற்கள் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகும், கூடுதல் தானே அடங்கிவிடும். ஸ்திரிக்கையை இழுத்துத் தேய்க்க வேண்டாம், தூக்கித் தூக்கி வையுங்கள்.

மூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தனியே விடக் கூடாது என்பது கந்தாவும் கவந்தியும் சொல்லும் பாடம். மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் விரித்து, நடுவிலிருந்து வெளியே நோக்கித் தற்காலிகத் தையல் போட்டு, பிறகு கையகலத்துக்கு ஒரு வரி நூலோடுங்கள். நடுத்துணிக்குப் பழைய பருத்தி விரிப்பு போதும். கம்பளியை வைத்தால் சுடுநீரில் சுருங்கி எல்லாவற்றையும் இழுத்துவிடும். துவைத்த போர்வையைப் பீலிக்கரையிலிருந்து தூக்கி வந்து ஒரே கயிற்றில் தொங்கவிடாதீர்கள். தண்ணீரின் பாரம் முழுவதும் மேலிருக்கும் ஒரு மூட்டில் விழும். இரண்டு மூன்று கயிற்றில் பரப்பிப் போடுங்கள். மூடுபனி நாளில் துவைக்கவே வேண்டாம். ஈரம் போகாமல் மடித்து வைத்த போர்வையில் பூஞ்சணம் பிடித்தால் நூலும் துணியும் சேர்ந்து போகும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பெட்வே என்ற தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள், கிழிந்த வேலையுடுப்புகளை ஒட்டிப் போர்வை தைத்துத் தங்கள் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காப்பாற்றினார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலையுடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொள்ளவே அதைத் தைத்ததாக மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1966இல் அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து போர்வை விற்கத் தொடங்கினார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவர்களுடைய போர்வைகளைச் சுவரில் மாட்டியது. 2006இல் அந்த நாட்டுத் தபால் முத்திரையிலும் வந்தன. அந்தப் போர்வைகளில் கோடுகள் எல்லாம் நேராக இல்லை, சதுரங்கள் எல்லாம் சதுரமாக இல்லை. ஆனால் துணி யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும்.

நம்முடைய போர்வையிலும் அது தெரிய வேண்டும். ஆகவே கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு சதுரத்தின் பின்னாலும், அடித்துணி வைப்பதற்கு முன்னே, துணிக்குரியவர் பெயரைத் துவைத்தாலும் போகாத மையில் எழுதுங்கள். அதே வரிசையில் ஒரு கொப்பியிலும் எழுதி, நூல்நிலையத்தில் வையுங்கள். நூறு வருடத்துக்குப் பிறகு ஒரு மூட்டு விட்டுப் போய், அதைச் சரி செய்ய ஒரு பிள்ளை பிரித்தால், யாருடைய அம்மாவின் சேலை என்று அவளுக்குத் தெரியட்டும்.

தங்கைமாரே, மெஷின்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒட்டுப்பிளாஸ்டர் மேசைமேல் இருக்கிறது. முதலில் மூன்று துண்டுச் சோதனை, பிறகு இடைப்பட்டி. நீலகிரி வரிசையை யாரும் பிரிக்க வேண்டாம்.